சந்திரவதனாவின் வியாழக்கிழமை

சந்திரவதனா எங்கள் தொழிற்சாலைக்கு வந்த முதல் நாளே அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். சத்தமாக அல்ல, கையில் இருந்த பசைத் தூரிகையைப் பார்த்துக்கொண்டு சிரித்தோம். எங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலமே வராது. வந்தவர்களும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபடி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் பேசுவார்கள். இவளோ லொறி ஓட்டுகிற வெள்ளைக்காரன் மாதிரிச் சொற்களை இழுத்து, மூக்கால் விட்டு, கடைசி எழுத்தை விழுங்கிப் பேசினாள். நெற்றியில் பொட்டு, இறுக்கிப் பின்னிய தலைமயிர். வாயைத் திறந்தால் நெடுஞ்சாலையோரத்துச் சாப்பாட்டுக்கடை.

"உவள் உந்த இங்கிலீசை எங்கை பிடிச்சவள்?" என்று கமலாம்பிகை அக்கா என் காதுக்குள் கேட்டார்.

எனக்கும் தெரியாது. நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பக்கத்து மேசையில் இருந்ததால் மெல்ல மெல்லத்தான் கேட்டு அறிந்தேன்.

அவள் கனடாவுக்கு வந்தது எண்பத்திரண்டில். ஒன்ராறியோவின் வடக்கே, சட்பரி நகரத்துக்கும் அப்பால், குளிருக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த ஒருவருக்கு மனைவியாக வந்தாள். அந்த ஊரில் வேறு தமிழர் இல்லை. இரண்டாவது பனிக்காலத்தில் அவர் வான்கூவரில் நல்ல வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனார். போனவர் அவளைக் கூப்பிடவில்லை. ஊரின் ஓரத்தில் இருந்த மோட்டலின் சொந்தக்காரி இவளுக்கு அறை துப்பரவாக்கும் வேலையும், பின்பக்கத்தில் படுக்க ஓர் அறையும் கொடுத்தாள்.

அந்த மோட்டலில் ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் ஒரு வானொலி இருந்தது. ஊருக்கு ஒரே ஒரு ஸ்டேசன். அதில் நாள் முழுக்க கன்ட்ரி என்கிற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டுத்தான். சந்திரவதனா ஓர் அறையில் வானொலியைப் போட்டுவிட்டு வேலை செய்வாள். முடிந்ததும் அதை நிறுத்தமாட்டாள். அடுத்த அறைக்குப் போய் அங்கே இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பி வந்துதான் இதை நிறுத்துவாள். அப்படிச் செய்தால் பாட்டு அறுபடாது. பாட்டில் ஒருத்தி காரை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகத் தொடங்கினால், அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பது பக்கத்து அறையில் தெரிந்துவிடும்.

"அவங்கள் அவசரமில்லாமல் பாடுவாங்கள்," என்று அவள் எனக்குச் சொன்னாள். "ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு கதை இருக்கும். இந்தக் கிழமை ஒரு சொல் விளங்காட்டி, அடுத்த கிழமையும் அதைத்தான் போடுவாங்கள். கிழமைப் பட்டியலிலை முதலாவதா வந்த பாட்டெண்டால் சொல்லத் தேவையில்லை, மண்டைக்குள்ளை இறங்குமட்டும் போடுவாங்கள்."

அப்படித்தான் அவள் ஆங்கிலம் படித்தாள். அந்த வருடங்களில் முதலிடத்துக்கு வந்த பாட்டுகள்தான் அவளுக்கு நாட்காட்டி. மோட்டல் கூரை ஒழுகிய வருடம் எது என்று கேட்டால் வருடத்தைச் சொல்லமாட்டாள். கொஞ்சம் யோசித்து, வாய்க்குள் ஒரு வரியை முணுமுணுத்துவிட்டு, "ஆ, அது எண்பத்தாறு" என்பாள்.

தொண்ணூறில் ரொறன்ரோவுக்கு வந்தாள். ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு ஹொட்டேலில் சில வருடம் அதே துப்பரவு வேலை. பிறகு நாங்கள் இருந்த டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டிடத்தில் அறை எடுத்து, தொண்ணூற்றைந்து கோடையில் எங்களோடு வந்து சேர்ந்தாள்.

நாங்கள் செய்தது மேசை விளக்குகளுக்குத் தொப்பி. கம்பி வளையத்தைச் சுற்றித் துணியை இழுத்துப் பசை போட்டு ஒட்டும் வேலை. இயந்திரச் சத்தம் இல்லாத வேலை என்பதால் அங்கே வானொலிதான் எல்லாம். ஒரு வானொலி, கசெற்றும் போடலாம், சுவரில் தட்டு அடித்து வைத்திருந்தார்கள். அதற்காகச் சண்டை வந்து வந்து கடைசியில் ஒரு முறை ஏற்பட்டது. திங்கள் பிலிப்பினோப் பெண்களுக்கு, செவ்வாய் கயானாக்காரருக்கு, புதன் இத்தாலிய அம்மாக்களுக்கு, வெள்ளி சுப்பவைசர் கிளெனுக்கு. வியாழன் எங்களுக்கு.

அந்த வியாழன் சும்மா கிடைத்ததல்ல. முன்பு வியாழனும் கிளெனின் நாள்தான். கமலாக்காவுக்கு ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கத் தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான். வியாழக்கிழமை காலையில் கையில் ஒரு கசெற்றோடு கிளெனின் கண்ணாடி அறை வாசலில் போய் நிற்பார். பேசமாட்டார். மணி அடித்ததும் வந்து வேலை செய்வார். அடுத்த வியாழனும் நிற்பார். ஒரு பனிக்காலம் முழுக்க நின்றார். கடைசியில் கிளென் கையை விரித்து, எடுத்துக்கொள் என்றான்.

எங்களுக்குள்ளும் முறை இருந்தது. ஒரு கிழமை ஒருவர் கசெற் கொண்டுவர வேண்டும். பழைய சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்த நாதஸ்வரம், எதுவென்றாலும் சரி. சந்திரவதனா புதிது என்பதால் கடைசியில் வந்தாள். அவளுடைய முறை நவம்பர் தொடக்கத்தில் விழுந்தது.

அந்தக் கிழமைதான் இராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. கமலாக்காவின் தங்கச்சி குடும்பம் எங்கே நிற்கிறது என்று ஒரு சேதியும் இல்லை. நித்திரை இல்லாமல் எங்கள் மேசையில் ஒருவருக்கும் கண் சரியாகத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட வியாழக்கிழமை காலையில் சந்திரவதனா எழுந்து போய்க் கசெற்றைப் போட்டாள். ஒரு கிற்றார் இழுத்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரன் பாடத் தொடங்கினான்.

"கசெற் மாறிப்போச்சோ பிள்ளை?" என்று கமலாக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. இதுதான்."

"இதுதான் எண்டால்?"

"எண்பதுகளிலை முதலாவதா வந்த பாட்டுகள். ரேடியோவிலை இருந்து நானே பிடிச்சது."

"இண்டைக்கு வியாழன்."

"ஓம், தெரியும்."

"தமிழாக்களின்ர நாள்."

"நானும் தமிழ்தானே அக்கா."

துணி வெட்டும் மேசையில் நின்ற அமிர்தநாதர் அண்ணை, எங்களோடு வேலை செய்த ஒரே தமிழ் ஆண், கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். "சும்மா சொல்லக்கூடாது, பெடியன் நல்லா இழுக்கிறான்."

"நீங்கள் துணியை வெட்டுங்கோ அண்ணை," என்றார் கமலாக்கா. பிறகு சந்திரவதனாவின் பக்கம் திரும்பினார். "அங்கை எங்கட சனம் மூட்டை முடிச்சோடை றோட்டிலை நிக்குது. என்ர தங்கச்சி எங்கையெண்டு தெரியாது. உனக்கு மாடு மேய்க்கிறவன்ர பாட்டுக் கேக்குதோ?"

"என்ர அண்ணையும் அங்கைதான் நிக்கிறார். எனக்கு இந்தப் பாட்டிலைதான் அழுகை வரும். உங்கட பாட்டிலை வராது. நான் என்ன செய்ய?"

"நிப்பாட்டு."

"உங்கட முறையளிலை நான் எல்லாம் கேட்டனான் அக்கா. ஒருநாளும் நிப்பாட்டச் சொல்லேல்லை."

அவள் நிறுத்தவில்லை. கசெற்றின் இரண்டு பக்கமும் ஓடியது. மத்தியானம் மறுபடியும் போட்டாள்.

அன்று வேலை முடிந்து வெளியே வந்தோம். கமலாக்காவின் கணவர் இராசரத்தினம் அண்ணைதான் டோர்செட் பார்க்கில் இருந்து எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குபவர். சந்திரவதனா வழக்கம்போல் கதவடிக்கு வந்தாள். அவர் ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி, "இடமில்லை பிள்ளை," என்றார். எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லை அண்ணை. எனக்குக் கால் இருக்கு."

அன்றிலிருந்து அவள் நடந்துதான் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைக்கு வராமல், இத்தாலிய அம்மாக்களின் மேசைக் கடைசியில் இருந்து சாப்பிட்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று கமலாக்கா இரண்டு நாள் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

ஆனால் அந்த வியாழனில் இன்னொன்றும் நடந்திருந்தது. பாட்டுப் போய்க்கொண்டிருந்தபோது கிளென் தன் கண்ணாடி அறையில் இருந்து வெளியே வந்தான். காலால் தாளம் போட்டுக்கொண்டு சந்திரவதனாவின் மேசையடியில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கள் பாட்டைப் போட்டிருக்கிறாய்! இப்போதுதான் நீ உண்மையான கனடியன்."

"உங்களுடைய பாட்டு இல்லை. இது என்னுடைய பாட்டு," என்று அவள் அந்த இழுவை ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் அதைப் பகிடி என்று நினைத்து இன்னும் சிரித்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவன் எல்லாரையும் கூப்பிட்டான். இனிமேல் நாள்முறை கிடையாது என்றான். கசெற் மாற்றுவதும் அதற்காக வாக்குவாதப்படுவதும் போதும். கிழமை முழுக்கத் தன்னுடைய கன்ட்ரி ஸ்டேசன்தான். "தமிழ்ப் பெண்களே விரும்பிக் கொண்டுவந்து போடுகிறார்கள். பிறகு யாருக்கு என்ன குறை?" என்று கையால் எங்கள் பக்கத்தைக் காட்டினான்.

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் வணக்கம் சொல்லுகிற பிலிப்பினோப் பெண் அன்று தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். அது அவளுடைய திங்கட்கிழமை.

கமலாக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாத்தியோ? எங்கட நாள் போச்சு. நீ குடுத்திட்டாய்."

"நான் குடுக்கேல்லை அக்கா. அவன் எடுத்தவன்."

"உன்ர கையாலை எடுத்தவன்."

சந்திரவதனா தூரிகையை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அன்று அவள் ஒட்டிய தொப்பிகளில் இரண்டு கோணலாகப் போய், திரும்பிக் கழற்றினாள்.

செவ்வாய் போனது, புதன் போனது. நாள் முழுக்க அவளுடைய பாட்டுகள்தான் ஓடின. அவளோ குனிந்த தலை நிமிரவில்லை.

வியாழன் வந்தது. முறைப்படி பார்த்தால் கமலாக்காவின் நாள். காலையில் ஸ்டேசன்காரன், எண்பதுகளில் முதலிடத்தில் நின்ற பாட்டுகளை இன்று முழுக்கத் திரும்பிப் பார்ப்போம் என்று அறிவித்தான். கிளென் கண்ணாடிக்குள் இருந்து சந்திரவதனாவைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். உனக்காகத்தான் என்பது போல.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பாக ஒரு பெண் பாடிய மெதுவான பாட்டு வந்தது. கிற்றார் கம்பியில் எதையோ வைத்து இழுத்து அழவைத்தார்கள். சந்திரவதனாவின் கை துணியில் அப்படியே நின்றது. அவளுடைய உதடு பாட்டோடு சேர்ந்து அசைந்தது. அவளுடைய கணவர் வான்கூவருக்குப் போன பனிக்காலத்தில் முதலிடத்தில் நின்ற பாட்டு அதுதான் என்று எனக்கு மட்டும் தெரியும். முன்பொருநாள் அதைத்தான் முணுமுணுத்துக் காட்டினாள்.

அவள் கையில் இருந்த பசையை ஏப்ரனில் துடைத்துவிட்டு எழுந்தாள். வானொலியை நோக்கி நடந்தாள். சத்தத்தைக் கூட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கமலாக்கா பல்லைக் கடித்தார்.

அவள் நிறுத்தினாள். பாடுகிறவள் ஒரு சொல்லின் நடுவில் நிற்க, வானொலியை நிறுத்தினாள்.

கிளென் வெளியே வந்தான். "என்ன, பழுதாகிவிட்டதா?"

"இல்லை."

"உனக்குப் பிடித்த பாட்டல்லவா?"

"மிகவும் பிடிக்கும். இன்று வியாழன். கமலாம்பிகையின் முறை."

"முறையெல்லாம் போன கிழமையோடு முடிந்தது."

"அப்படியென்றால் பாட்டும் முடிந்தது."

அவன் கையை நீட்டித் திரும்பவும் போட்டான். அவள் திரும்பவும் நிறுத்தினாள். அவனுடைய கழுத்துச் சிவந்தது.

"உனக்கு வேலை வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும். தொப்பி ஒட்டத்தான் எனக்குச் சம்பளம். இன்றைய தொப்பி எல்லாம் அதோ இருக்கிறது, போய்ப் பார். நான் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு நீ சம்பளம் தரவில்லை." பிறகு அவனைப் பார்த்தபடியே தமிழில் சத்தமாகச் சொன்னாள். "கமலாக்கா, உங்கட கசெற்றைக் கொண்டு வாங்கோ."

நாள்முறை இல்லை என்று சொல்லி மூன்று நாள் ஆகியும் கமலாக்கா கைப்பையில் கசெற் கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பேசவில்லை. அந்தப் பழைய பனிக்காலத்தில் நின்றது போலவே நின்றார். பிலிப்பினோப் பெண்ணும் தூரிகையை வைத்துவிட்டு எழுந்தாள். கயானாக்காரி ஒருத்தி, "எங்கள் செவ்வாயும் எங்கே?" என்று இருந்த இடத்தில் இருந்தே கேட்டாள்.

கிளென் எங்களைச் சுற்றிப் பார்த்தான். பிறகு வயரைப் பிடுங்கி, வானொலியைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். "அப்படியானால் ஒருவருக்கும் இல்லை."

சந்திரவதனா இடத்துக்கு வந்து இருந்தாள். "நல்லது," என்றாள்.

அன்று மாலை இராசரத்தினம் அண்ணை இறங்கி வந்து வான் கதவைத் தானே திறந்து பிடித்தார்.

"ஏறும் பிள்ளை. பனி கொட்டுது."

"இடமில்லை எண்ட வானிலை நான் ஏறமாட்டன் அண்ணை."

"அது அண்டைக்கு."

"எனக்கு இண்டைக்கும் அதுதான்."

கமலாக்கா முன் இருக்கையில் இருந்து எட்டிப் பார்த்தார். "விடுங்கோப்பா. உவள் நடக்கட்டும். நடந்தால்தான் உவளுக்கு மனம் ஆறும்." சொன்ன மாதிரியில் முன்னைய கோபம் இல்லை. சந்திரவதனா கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு கத்தரிக்கோல் சத்தமும், சூடேற்றும் குழாயின் உறுமலும்தான். அமிர்தநாதர் அண்ணை மூக்குச் சிந்துவதுகூட மண்டபம் முழுக்கக் கேட்டது. நாங்கள் தவித்தோம். ஆனால் எங்களைவிடத் தவித்தது கிளென்தான். பாட்டில்லாமல் அவனுக்கு நடக்கவே தெரியவில்லை. கண்ணாடி அறையில் இருந்து வருவான், நிற்பான், ஏன் வந்தோம் என்று மறந்துபோய்த் திரும்பிப் போவான். டிசம்பர் பிறந்ததும் கடைகளிலெல்லாம் கிறிஸ்மஸ் பாட்டுத் தொடங்கிவிட்டது. எங்கள் இடத்தில் மட்டும் சாவீடு. ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் வந்தபோது வானொலி தட்டில் இருந்தது. அவன் அந்தப் பிலிப்பினோப் பெண்ணிடம் போய், கூரையைப் பார்த்துக்கொண்டு, "இன்று உங்கள் நாள்தானே?" என்று கேட்டான்.

வியாழன் எங்களுக்குத் திரும்பி வந்தது. முதல் வியாழன் கமலாக்காவின் கசெற். பிறகு ஒவ்வொருவராகப் போட்டோம். ஜனவரியில் சந்திரவதனாவின் முறை வந்தது. அதற்கு முதல்நாள் கமலாக்கா அவளிடம் ஒரு கசெற்றை நீட்டினார். எல்லாம் நல்ல தமிழ்ப் பாட்டு.

"நாளைக்கு இதைப் போடு. எல்லாரும் உனக்காக நிண்டதுகள். ஒரு மரியாதை வேணும்."

"எனக்காக நிக்கேல்லை அக்கா. தங்கட தங்கட நாளுக்காக நிண்டதுகள். நானும் அதுக்குத்தான் நிண்டனான்." கசெற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "இதை வீட்டிலை போட்டுக் கேக்கிறன்."

மறுநாள் அவள் தன்னுடைய கசெற்றைத்தான் போட்டாள்.

கிற்றார் இழுத்தபோது எங்கள் மேசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. கிளென் கண்ணாடிக்குள் இருந்து எட்டிப் பார்த்தான், வெளியே வரவில்லை. இரண்டு பாட்டுப் போனது. கமலாக்கா எழுந்தார். நேரே வானொலியடிக்குப் போனார். சந்திரவதனாவும் எழுந்தாள்.

"உந்தச் சத்தத்தைக் குறை," என்றார் கமலாக்கா.

"குறைக்கமாட்டன்."

"அப்ப கூட்டு. அரையும் குறையுமாக் கேட்டு எனக்குத் தலையிடிக்குது. என்னதான் சொல்லிப் புலம்புறாள் எண்டு கேட்பம்."

சந்திரவதனா கூட்டினாள். அது முன்பு பாதியில் நின்ற அதே மெதுவான பாட்டு. இருவரும் திரும்பி வந்து எதிரெதிராக இருந்து துணியை இழுத்து ஒட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"என்னவாம்?"

"புருசன் விட்டிட்டுப் போட்டான். இவள் யன்னலடியிலை இருக்கிறாள்."

"பிறகு?"

"மழை நாளிலை திரும்பி வந்து கதவிலை தட்டுறான்."

"திறக்கக் கூடாது எண்டு சொல்லு."

"திறக்கிறாளே அக்கா. அதுதானே பாட்டு."

"விசரி," என்றார் கமலாக்கா, வானொலியைப் பார்த்து.

"எனக்கும் அந்த இடம் பிடிக்காது." சந்திரவதனா கம்பி வளையத்தைத் திருப்பிப் பிடித்தாள். "அவரும் ஒருக்கா வந்தவர். எண்பத்தேழிலை. வெளியிலை நிண்டு தட்டினவர், பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். நான் திறக்கேல்லை."

எனக்குக்கூட அவள் இதைச் சொன்னதில்லை. மேசையில் எல்லாருடைய கையும் நின்றது. கமலாக்காவின் கை மட்டும் நிற்கவில்லை. பசையைப் பூசி, ஓரத்தை மடித்து, பெருவிரலால் அழுத்தி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நல்ல வேலை செய்தாய்," என்றார். "ஆனால் பாட்டு மட்டும் சகிக்கேலாது."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் சந்திரவதனா. எழுந்து போய்ச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.